ஓர் ஓலைகூடக் குறையாது

அந்த வாக்கைக் கொடுத்தபோது முர்தானியின் வாய் நிறையப் பணியாரம் இருந்தது. கணவனின் அண்ணன் காண்டெல் வீட்டில் பனைவெல்லப் பாகு ஊற்றி, தேங்காய் துருவிப் போட்டு, சுடச்சுடத் தட்டில் வைத்திருந்தார்கள். கடைத்தெருவில் வளர்ந்தவளாக இருந்தால் வயிறு குளிர்ந்திருக்கும் நேரத்தில் எதற்கும் தலையாட்டியிருக்க மாட்டாள். முர்தானி வளர்ந்ததெல்லாம் சிங்கராஜாவின் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில். படிப்பு முடிந்த கையோடு அங்கே சேமிப்பறைப் பொறுப்பாளராகச் சேர்ந்தாள். மூங்கிலும் பிரம்பும் பனையோலையும்தான் அவளுக்குச் சுற்றமும் நட்பும்.

"எங்கிட்ட குடுங்க, பிளி" என்றாள் அந்த அண்ணனிடம், பாகு வழியும் விரலை நக்கிக்கொண்டே. "ஓர் ஓலைகூடக் குறையாது."

அவள் கேட்டது சாதாரணப் பொருளை அல்ல. யே லுலுங் ஊரின் வயல்களுக்கு நீர் பங்கிடும் தண்ணீர்ச் சங்கத்துக்குச் சொந்தமான பதாரி ஸ்ரீ. நெல்லுக்கு அதிபதி. ஆள் உயரத்தில் பாதி. மூங்கில் எலும்பு, பனையோலை உடம்பு. விசிறிபோல் விரிந்த தலையலங்காரம், கட்டம் கட்டமாகப் பின்னிய பாவாடை, இரண்டு கையிலும் ஓலை விரல்கள். மற்ற ஊர்களில் ஒவ்வொரு அறுப்புக்கும் புதிதாகச் செய்து கொள்வார்கள். யே லுலுங்கில் மட்டும் யாரோ ஒரு முன்னோர் இவளை ஒரேயடியாகச் செய்து வைத்துவிட்டார். அன்றிலிருந்து களஞ்சியத்தில் நிற்கிறாள். சமீபகாலமாகக் களஞ்சியம் ஒழுகுகிறது. எலி பாவாடையைப் பார்த்துவிட்டது.

காண்டெல்தான் சங்கத் தலைவர். அவர் சரி என்று சொன்னாலும் ஊர் லேசில் சொல்லவில்லை. குறிப்பாக மெர்த்தா கிழவர். வாயில் பல்லே இல்லை, வார்த்தைக்கு மட்டும் கூர் உண்டு.

"மியூசியம்னா செத்ததை வெக்கிற எடம்" என்றார் அவர்.

"நம்ம களஞ்சியத்துல எலி கடிச்சுக்கிட்டிருக்கு. அது மட்டும் ரொம்ப உயிரோட இருக்கிற எடமா?" என்றார் காண்டெல்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு முடிந்தது. கோயில் நாள் வரும்போதெல்லாம் ஸ்ரீ ஊருக்கு வரவேண்டும். உடுத்தி, நிறுத்தி, கும்பிட்ட பிறகு திரும்பலாம். அதுவரை அவளுக்கு முர்தானி பொறுப்பு. அருங்காட்சியகம் அல்ல, முர்தானி. "அந்தக் கட்டடத்துல ஆபீசர் மாறிக்கிட்டே இருப்பான். நம்ம வீட்டு மருமகள் எங்கேயும் போகமாட்டா" என்றார் காண்டெல். அதைக் கேட்டுத்தான் முர்தானிக்கு அடுத்த பணியாரம் தொண்டையில் கொஞ்சம் நின்றது.

ஸ்ரீ வந்து இறங்கிய அன்றைக்கே முர்தானி செய்யவேண்டியதையெல்லாம் செய்தாள். சேமிப்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சாமிப் பலகை உண்டு, எல்லா வீட்டிலும் எல்லா அறையிலும் இருப்பதுபோல. அதன்மேல் ஒரு தக்சினாவை வைத்தாள். குருத்தோலையில் பின்னிய கூடை. உள்ளே பச்சரிசி, தேங்காய், வாத்து முட்டை, பயறு, கொட்டைகள், வெற்றிலை, வெள்ளைநூல். சாமி வந்து உட்காரும் ஆசனம் அது. அடுத்த கோயில் நாள்வரை அங்கேயே இருக்கும். யாரும் தொடமாட்டார்கள். தொடலாமா என்றுகூட யாருக்கும் தோன்றாது. கூடையை அவளே பின்னினாள், அரிசியை அவளே கழுவிக் காயவைத்தாள், அருங்காட்சியகக் கோயிலின் பூசாரி ஜெரோ மங்கு மந்திரம் சொல்லி ஏற்றிவைத்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் முக்காலிமேல் ஏறிச் சின்ன ஓலைத்தட்டில் பூவும் நாலு பருக்கையும் வைத்துவிட்டுத்தான் விளக்கையே போடுவாள்.

அப்படியிருந்தும் வந்துவிட்டது.

ஒரு நாள் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தபோது, ஸ்ரீயின் காலடியில் விரித்திருந்த கறுப்புத்தாளில் மாவு. சல்லடையில் சலித்ததுபோல மெல்லிய பழுப்பு மாவு. பாவாடையின் ஓரத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள். வலதுகையில் ஒரு விரல் இல்லை. கீழே கிடக்கிறதா என்று தரையெல்லாம் தடவினாள். விரல் கிடைக்கவில்லை, அதுதான் மாவாகி அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

முர்தானி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யே லுலுங்கிலிருந்து ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் ஊரே கதவோரத்தில் நின்று பார்ப்பதுபோல இருந்தது.

பூச்சிமருந்து அடிக்க முடியாது. கோயில் நாளன்று பெண்கள் அந்தப் பாவாடையில் நெற்றியை வைப்பார்கள், குழந்தைகள் விரலைப் பிடித்துப் பார்ப்பார்கள். மிச்சமிருந்த வழி குளிர். பையில் போட்டுக் காற்றில்லாமல் ஒட்டி, மீன் உறையும் குளிருக்கும் கீழே ஒரு வாரம் வைத்தால், வண்டும் சாகும், அதன் முட்டையும் சாகும், ஓலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அங்கே இருந்த குளிர்பெட்டி அருங்காட்சியகத் தலைவரின் இளநீரையே சரியாகக் குளிரவைக்காது. புதிது கேட்டு எழுதினால், அது வருவதற்குள் வண்டுகளுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடும்.

ஆகவே கோ சியோங்கிடம் போனாள்.

கோ சியோங் துறைமுகச் சாலையில் உறைமீனும் ஐஸ்கிரீமும் மொத்த வியாபாரம் செய்பவர். தாத்தா காலத்தில் மளிகை, அப்பா காலத்தில் மளிகையும் மீனும், இவர் காலத்தில் எல்லாமே பனிக்கட்டி. கடையின் நடுவே ஒரு புதிய குளிர்பெட்டி, படகு நீளத்துக்கு, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்காமல் நின்றது.

"இதுலயா?" கோ சியோங் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டார், பெண் கேட்டு வந்தவர்களிடமிருந்து மகளை மறைப்பதுபோல. "இபு" என்று மரியாதையாக ஆரம்பித்தார், "இதுக்குள்ள இன்னும் ஒரு மீன்கூடப் படுத்ததில்லை."

"அதனாலதான் கேக்கறேன், கோ. மீன் படுத்த எடத்துல அவங்களைப் படுக்கவைக்க முடியாது."

"எவங்களை?"

"யே லுலுங் பதாரி ஸ்ரீயை."

கோ சியோங் விசிறியை நிறுத்தினார். "அவங்களுக்கு என்ன?"

"பூச்சி."

"பூச்சி புடிச்ச சாமியை என் புதுப்பெட்டிக்குள்ளயா? நாளைக்கு என் ஐஸ்கிரீமுக்குக் காலு மொளைச்சு நடந்துபோகும். வேண்டாம் தாயே."

முர்தானி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே எள்ளளவு, பழுப்பு நிறத்தில், தலையைக் கீழே தொங்கப்போட்ட ஒரு வண்டு. "இதுதான். பைக்குள்ள போட்டு ஒட்டிருவேன். ஒண்ணுகூட வெளிய வராது."

கோ சியோங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துச் சிரித்தார். "அட, இவனா! இவன் எங்க குடும்பத்துக்குப் பழைய வாடிக்கையாச்சே. எங்கப்பா காலத்துல அரிசி, மல்லி, மிளகாய் எல்லாத்துலயும் இவன் பங்குபோக மிச்சம்தான் எங்களுக்கு."

முர்தானி அதற்குள் டேப்பை எடுத்துப் பெட்டியின் அகலத்தை அளக்க ஆரம்பித்திருந்தாள். அவர் சொன்னது இந்தக் காதில் வந்து அந்தக் காது வழியே மீன்வாடையோடு போய்விட்டது.

"சரி, வாடகை?" என்றார் கோ சியோங்.

"கோ, நல்லா யோசிச்சுப் பாருங்க. நெல்லுக்கும் செல்வத்துக்கும் உடையவங்க. ஒரு புதுப்பெட்டியில மொத ஆளா வந்து உக்கார்றாங்க. மீன் இல்ல, எறால் இல்ல, அவங்க. எந்தக் கடைக்கு இப்படி ஒரு தொடக்கம் அமையும்? நியாயமாப் பார்த்தா வாடகையை நீங்கதான் எங்களுக்குக் குடுக்கணும்."

கோ சியோங் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தங்கப்பல் தெரியச் சிரித்தார். "நீங்க மியூசியத்துல வீணாப் போறீங்க, இபு. எத்தனை நாள்?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரமா?" அவர் முகம் சுருங்கியது. "என்ன அவசரம்? ரெண்டு வாரம் இருக்கட்டும்."

"ஒரு வாரம் போதும், கோ."

"வந்தவங்களை அதுக்குள்ள அனுப்பினா அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாங்க? சரி, பத்து நாள். நடுவுல பௌர்ணமி வருது. அதை என் கடையில கழிக்கட்டும்."

வாடகைக்கு வந்தவரைப் போகாதே என்று இடத்துக்காரர் கெஞ்சுகிற பேரத்தை முர்தானி அன்றுதான் பார்த்தாள். பத்து நாளுக்கு ஒப்புக்கொண்டாள். ஜெரோ மங்கு வந்து பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். முர்தானி மரியாதையாகப் 'பாக்' என்று கூப்பிடும் அருங்காட்சியகக் காவல்காரர் ரெந்தோக் பையோடு ஸ்ரீயைக் கல்யாணப்பெண்ணைப்போலத் தாங்கிப் பிடித்து இறக்கிவைத்தார். கோ சியோங் பெட்டிமேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, வந்தவர்களிடமெல்லாம் "உள்ள யார் இருக்காங்க தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே வியாபாரம் பார்த்தார்.

பத்து நாளும் முடிந்து, பை திரும்பி வந்து, உள்ளே வேர்க்காமல் இருக்க ஒரு நாள் அப்படியே ஆறவிட்டு, முர்தானி பிரித்தாள். மாவைத் தூரிகையால் தட்டிவிட்டுப் புதிய கறுப்புத்தாள் விரித்தாள். தாள் ஒரு மாதம் கறுப்பாகவே இருந்தது. முர்தானி ராத்திரியில் தூங்கினாள், பகலில் சாப்பிட்டாள், கணவனோடு சண்டைகூடப் போட்டாள். அவ்வளவு நிம்மதி.

அடுத்த மாதம் ஸ்ரீயின் தலையலங்காரத்தின்மேல் ஒரு வண்டு சாவகாசமாக நடந்துபோனது.

முர்தானி பசை அட்டைகளை வாங்கி அறையின் மூலைக்கு ஒன்றாக வைத்தாள், எங்கிருந்து வருகிறது என்று பார்க்க. மறுவாரம் எடுத்துப் பார்த்தால் மற்ற மூலைகளில் ஒன்றிரண்டு. சாமிப் பலகைக்கு நேர் கீழே வைத்த அட்டையில் மட்டும் எள் தூவியதுபோல அப்பிக் கிடந்தன.

அவள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கே ஓடினாள்.

"பாருங்க, பாக் ரெந்தோக்! மத்த எடத்துல ஒண்ணு, ரெண்டு. சாமிக்குக் கீழ வெச்சதுல மட்டும் இவ்வளவு. சாமியே புடிச்சுக் குடுக்குது."

ரெந்தோக் அட்டையைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார். "ஆமா இபு. நமக்குக் கண்ணு தெரியலைன்னு அதுவே வேலைக்கு எறங்கிருச்சு."

நன்றி சொல்லாமல் இருக்கலாமா? அன்றிலிருந்து முர்தானி நாலு பருக்கைக்குப் பதில் ஒரு கைப்பிடி அரிசி வைத்தாள்.

அடுத்த அட்டையில் இன்னும் அதிகம் விழுந்தது. சாமி இன்னும் மும்முரமாக வேலை செய்கிறது என்று அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆனால் பிடிபடுவது கூடிக்கொண்டே போனால் வருவதும் கூடுகிறது என்றுதானே அர்த்தம்? வருவது எங்கிருந்து? கோயில் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பூச்சிகளைப் பற்றிய தடிப்புத்தகத்தைப் புரட்டினாள். படத்தில் அதே வண்டு, அதே தொங்கிய தலை. விரும்பி உண்பவை என்று போட்டிருந்ததில் முதலில் நின்றது புகையிலை. அதற்குமேல் அவள் படிக்கவில்லை. படிக்கவும் வேண்டியிருக்கவில்லை, மூக்கே காட்டிக்கொடுத்தது. சேமிப்பறைக் கதவுக்கு வெளியே, ரெந்தோக்கின் மேசை இழுப்பறையில், கிராம்பும் புகையிலையும் மணக்கும் ஒரு தகர டப்பா.

மனிதனுக்குப் பயம் வரும்போது கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டால் அதைப்போல ஆறுதல் வேறில்லை.

டப்பாவைத் திறந்து பார்த்தாள். வண்டு இல்லை. இல்லாவிட்டால் என்ன, ஏற்கெனவே உள்ளே போயிருக்கும்! டப்பாவோடு நேரே அருங்காட்சியகத் தலைவரிடம் போனாள். தலைவருக்கு வண்டைப் பற்றியும் தெரியாது, புகையிலையைப் பற்றியும் தெரியாது. பிரச்சினையை அறையிலிருந்து வெளியே தள்ளுவது எப்படி என்று மட்டும் தெரியும். மத்தியானத்துக்குள் ரெந்தோக்கை வாகன நிறுத்தத்துத் தகரக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்.

ரெந்தோக் தன் குடையையும் சோற்றுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் முர்தானிக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் நாள் பூரா புகையிலையை வாயிலதான் வெச்சிருக்கேன், இபு" என்றார். "அதுக்கு ஆசைப்பட்டு வந்த பூச்சின்னா மொதல்ல என் பல்லைத்தானே தின்னிருக்கணும்? சரி விடுங்க. கொட்டகையில காத்து நல்லா வரும்னு சொல்றாங்க."

கொட்டகையில் காற்று வராது என்பது இருவருக்கும் தெரியும்.

ரெந்தோக் போன பிறகும் அட்டை நிறைந்தது.

சில நாள் கழித்து, முர்தானி கோயிலில் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் பிரசாதமாக இட்ட ஈர அரிசி ஒட்டியிருக்க, நேரே வேலைக்கு வந்தாள். வழக்கம்போல முக்காலிமேல் ஏறினாள். பூத்தட்டைப் பலகையில் வைக்கக் கையை நீட்டியபோது பலகை லேசாக ஆடியது. நெற்றியில் என்னவோ விழுந்தது. பூவாக இருக்கும் என்று நினைத்தாள். விரலால் தொட்டாள். ஈர அரிசியோடு ஒட்டிக்கொண்டு மாவு. சல்லடையில் சலித்ததுபோல மெல்லிய பழுப்பு மாவு.

முக்காலிமேலேயே நின்றாள். பலகைக்குமேல் பார்ப்பதற்கு அவளுக்குக் குதிகாலை உயர்த்தினால் போதும். இத்தனை மாதம் தினமும் கை மேலே போயிருக்கிறது, கண் போனதில்லை. ஆசனத்தை எட்டிப் பார்க்கும் பழக்கம் அவள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அன்றைக்கு எட்டிப் பார்த்தாள்.

தக்சினாவின் குருத்தோலை, நைந்துபோன பழைய துணிபோல ஓட்டையாகிக் கிடந்தது. ஒரு பக்கத்து அரிசி முழுக்க மாவு. அந்த மாவுக்குள் ஏதோ கொதிப்பதுபோல அசைவு. விளிம்பிலிருந்து ஒரு வண்டு இறங்கி, ஒரு கணம் நின்று, கீழே விழுந்தது. அட்டையில் விழுந்த சத்தம்கூட அவளுக்குக் கேட்டதுபோல இருந்தது.

சாமி பிடித்துக் கொடுக்கவில்லை. சாமியின் இடத்திலிருந்து உதிர்ந்து கொண்டிருந்தன. உதிராத மற்றவை அறையெல்லாம் பறந்தன. நன்றிக்கடனாக அவள் தினமும் ஒரு கைப்பிடி வைத்துப் பந்தி நடத்தியிருக்கிறாள்.

முதலில் வந்தது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாது. ஜெரோ மங்கு வருவதற்குள் இரண்டும் முடிந்திருந்தது.

"எறக்கணுமா?" ஜெரோ மங்கு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோயில் நாள் வரைக்கும் எறக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? எடம் மாத்தச் சொல்லிச் சாமி கேட்டுச்சா?"

"ஆசனத்தையே பூச்சி தின்னுது, ஜெரோ. வேற எப்படிக் கேக்கும்?"

"பூச்சியும் சாமி படைச்சதுதான்."

"சரி ஜெரோ. அப்ப நீங்களே ஏறிப் பாத்துட்டு, படைச்சதுல எது எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க."

ஜெரோ மங்கு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். இரண்டு கையாலும் பக்தியோடு கூடையைத் தொட்டார். கூடை அவர் கையிலேயே பொடிந்து உட்கார்ந்தது. வாத்து முட்டை மட்டும் உருண்டு, பலகை ஓரத்தில் நின்று, இருவரையும் பார்த்தது. ஜெரோ மங்கு தும்மினார். மீசையில் மாவோடு கீழே இறங்கினார்.

"அங்க யாரும் உக்காந்திருக்க முடியாது" என்றார் மீசையைத் துடைத்துக்கொண்டே. "எப்பவோ எழுந்து போயிருப்பாங்க. போன பிறகும் நீ சோறு போட்டுக்கிட்டிருந்திருக்க."

பிறகு பேரம் தொடங்கியது. புதிய தக்சினாவைத் தோட்டத்தில் சம்பங்கி மரத்தடிக் கோயிலில் வைப்பது என்று முர்தானி சொன்னாள். அறைக்குள் ஒன்றுமே இல்லாமல் விடக்கூடாது என்று ஜெரோ மங்கு சொன்னார். வெறும் பூ என்றாள். பூவும் பருக்கையும் என்றார். பூவும் தண்ணீரும் என்றாள். மத்தியானத்துக்குள் இறக்கி வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்றாள். "கும்பிட்டதை எறக்கணும்னுதான் நானும் இத்தனை வருஷமாச் சொல்றேன், வெக்கத் தெரிஞ்சவங்களுக்கு எடுக்கத் தெரியலை" என்று, தானே முதலில் சொன்னதுபோல ஜெரோ மங்கு முடித்துவிட்டார்.

பலகையைக் கழுவினார்கள். அறையைத் துடைத்தார்கள். ஸ்ரீ மறுபடி பைக்குள் போனாள். "நானே கேக்கலாம்னு இருந்தேன்" என்று கோ சியோங் பெட்டியிலிருந்த இறாலையெல்லாம் காலிசெய்து, கழுவி, தீர்த்தம் தெளிக்கவைத்து, தயாராக நின்றார். மழைக்காலத்திலும் ஐஸ்கிரீம் விற்றுத் தீர்ந்ததாம்.

முர்தானி தலைவரிடம் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, வெயிலில் வாகன நிறுத்தத்துக்கு நடந்தாள். ரெந்தோக் தகரத்தடியில் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல விசிறுவது நின்றது.

"அப்ப சாமி புடிச்சுக் குடுக்கலையா?"

"இல்ல."

"சாமி வளத்துச்சா?"

"நான்தான் வளத்தேன், பாக். என்னை மன்னிச்சிருங்க. நாளையிலேர்ந்து நீங்க பழைய மேசைக்கே வந்துரலாம். தலைவர்கிட்ட சொல்லிட்டேன்."

ரெந்தோக் ஒரு வண்டிக்குக் கைகாட்டி நிறுத்த இடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "ஊர்ல என்ன சொல்லப்போறீங்க?"

அதை யோசிக்காமல் இருக்கத்தான் முர்தானி இத்தனை வேலையையும் ஓடி ஓடிச் செய்தாள்.

"என் புகையிலையாலன்னே சொல்லிருங்க" என்றார் ரெந்தோக். "அந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. திட்டினா திட்டிட்டுப் போறாங்க. உங்களுக்கு அது மாமியார் வீடு."

கோயில் நாளன்று வேனை ரெந்தோக்தான் ஓட்டினார். யே லுலுங் மேட்டில் ஏறும்போதே மேளச்சத்தம் கேட்டது. சங்கத்துக் கோயில் முற்றத்தில் வெள்ளைச்சட்டையும் மடித்துக் கட்டிய துணியுமாக ஊர் உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஸ்ரீயை வாங்கி, மஞ்சள் பட்டுச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒருத்தியின் கை நின்றது. பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். அது வாய்க்கால் தண்ணீர்போல ஒவ்வொரு வரிசையாகப் பாய்ந்து காண்டெலிடம் போய்ச் சேர்ந்தது.

காண்டெல் வந்து குனிந்து பார்த்தார். பாவாடை ஓரத்தை விரலால் தடவினார். வலதுகையைத் தூக்கிப் பிடித்து எண்ணினார். எண்ணி முடித்த பிறகு இடதுகையையும் எண்ணினார், ஒருவேளை ஸ்ரீக்கு விரல் எத்தனை என்று தான்தான் மறந்துவிட்டோமோ என்பதுபோல.

"ஓர் ஓலைகூடக் குறையாதுன்னு சொன்னது யாரும்மா?"

"நான்தான், பிளி."

"என்ன ஆச்சு?"

"பூச்சி."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

முர்தானிக்குப் பின்னால், குடையோடு, ரெந்தோக் மெல்லத் தொண்டையைச் செருமினார். நான் தயார் என்பதுபோல இருந்தது அந்தச் செருமல். முன்பின் தெரியாத ஓர் ஊரில் வசவு வாங்குவதற்காகவே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

"எங்கிட்டேர்ந்துதான்" என்றாள் முர்தானி. "இவங்களைக் காப்பாத்தணும்னு நான் வெச்ச தக்சினாவுலேர்ந்து. நானே பின்னினேன், நானே அரிசி போட்டேன். அதுல பூச்சி குடியேறி, கீழ விழுந்துச்சு. சாமி புடிச்சுத் தருதுன்னு நெனச்சு இன்னும் அரிசி போட்டேன். நடுவுல, ஒரு தப்பும் பண்ணாத மனுஷனை வெயில்ல தூக்கி உக்காரவெச்சேன். இதோ நிக்கிறாரு."

மேளம் அடித்தவன்கூடக் கோலைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டான்.

முதலில் சிரித்தது மெர்த்தா கிழவர். பல்லில்லாத வாயால் காற்று ஊதுவதுபோல ஒரு சிரிப்பு, பிறகு இருமல், பிறகு மறுபடி சிரிப்பு.

"இவ நம்ம ஆளுதான்டா" என்றார் தொடையைத் தட்டி. "நாமளும் வருஷா வருஷம் பூச்சிக்குப் பங்கு வெக்கிறோம். இந்தாப்பா, உன் பங்கைத் தின்னுட்டு அப்படியே போன்னு எல்லையில வெக்கிறோம். பாவம், இவ நடு வீட்டுல எலை போட்டுட்டா!"

அதற்குமேல் யாராலும் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க முடியவில்லை. பட்டுச் சுற்றிக்கொண்டிருந்தவள் ஸ்ரீயின் தோளில் தலைசாய்த்துக்கொண்டு சிரித்தாள். ரெந்தோக் குடையை இறக்கினார். யாரோ அவர் கையில் ஒரு காப்பியைத் திணித்தார்கள்.

கும்பிட்டு முடிந்த பிறகு காண்டெல் அவளைக் கூப்பிட்டார். தலைவர் முகம் வேறு, மைத்துனர் முகம் வேறு. அப்போது தலைவர் முகம்தான் இருந்தது. "சிரிச்சது சிரிச்சதுதான். ஆனா வாக்கு தப்பிருச்சு. அதனால பழைய பேச்சு செல்லாது. அவங்களை உன்கூட அனுப்பறதா, இங்கயே வெச்சுக்கறதான்னு இனிமேதான் பேசணும்."

ஓரகத்தி பணியாரத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பாகு மினுமினுத்தது. முர்தானி தட்டை வாங்கித் தூரமாக, தூணுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

"மொதல்ல பேசிரலாம், பிளி."

காண்டெலின் மீசை லேசாக அசைந்தது. "சரி. என்ன சொல்ற?"

"ஓலை குறையாதுன்னு சொல்லமாட்டேன். குறையலாம். குறைஞ்சா அன்னிக்கே ஃபோன் பண்ணுவேன். எதனாலன்னும் சொல்லுவேன்."

"ஃபோன் போதாது. மாசாமாசம் நம்ம ஆள் ஒருத்தர் வந்து பாப்பாரு."

"வரட்டும். வெறுங்கையோட வரணும். அரிசி, பழம், பலகாரம் எதுவும் உள்ள கொண்டுவரக்கூடாது."

"சாமியைப் பாக்க வெறுங்கையோட வர்றதா?"

"தோட்டத்துக் கோயில்ல வெச்சுட்டு உள்ள வரட்டும். அப்புறம், பூச்சிக்குப் பங்கு. அதை நம்ம கட்டடத்துப் பின்சுவருக்கு வெளிய வெக்கிறேன், நீங்க வெக்கிற அதே நாள்ல. மெர்த்தா தாத்தா வந்து எடம் காட்டட்டும்."

"நான் வரேன்" என்றார் மெர்த்தா உடனே. "வழியில அந்த ஐஸ்கிரீம்காரன் கடையையும் பாத்துட்டு வரலாம்."

காண்டெல் வயலைப் பார்த்தார், ஸ்ரீயைப் பார்த்தார். "அந்த விரலு?"

"இந்த ஊர் ஓலையில, இந்த ஊர் ஆள் பின்னித் தரட்டும், பிளி. கோத்துக்கட்டறேன். புதுசுன்னு தெரியறமாதிரியே இருக்கட்டும்."

நெடுநேரம் கழித்துத் தூணுக்கு அந்தப் பக்கம் போய்த் தட்டைக் கொண்டுவந்தவர் காண்டெல்தான். பணியாரம் ஆறிப்போயிருந்தது. முர்தானி ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள்.

ஸ்ரீ திரும்பி வந்துவிட்டாள், பழுப்பேறிய விரல்களுக்கு நடுவே பச்சையாக ஒரு விரலோடு. அந்த ஓலையும் தனியாக ஒரு வாரம் கோ சியோங் கடைக் குளிர்பெட்டியில் விருந்தாளியாக இருந்து வந்ததுதான். கறுப்புத்தாள் கறுப்பாகவே இருக்கிறது. சாமிப் பலகையில் காலையில் பூவும் தண்ணீரும், மத்தியானத்தில் வெறும் பலகை.

ரெந்தோக் பழைய மேசையில் இருக்கிறார். முர்தானியை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் புகையிலை டப்பாவைக் கண்ணாடிபோன்ற பையில் போட்டு மேசைமேலேயே வைத்திருக்கிறார், பக்கத்தில் ஒரு பசை அட்டை. தினமும் காலையில் அவள் தன் காப்பியை அவர் மேசைமேல் வைத்துவிட்டுக் கதவைத் திறக்கும்போது அட்டையை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்துக் காட்டுவார்.

"இன்னிக்கும் காலி, இபு."

"சரி, பாக்."

இதுதான் அவளுக்கு விதித்த தண்டனை என்று அவளுக்கும் தெரியும். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டதில்லை. போன வாரம் ஒரு நாள் அட்டையில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டனை முடியப்போகிறது என்று முர்தானிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாக்! இன்னிக்கு ஒண்ணு இருக்கு!"

ரெந்தோக் அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார்.

"இது எறும்பு, இபு" என்றார். "உங்க காப்பிக்கு வந்தது."